ஒரே ஒரு இடம், மூண்டு கையெழுத்து

கலியாணத் தரகரிட்ட ஆக்கள் பிள்ளையின்ர வயசைக் குறைச்சுச் சொல்லுவினம், என்னட்ட வாற ஆக்கள் பிள்ளையின்ர மார்க்ஸைக் கூட்டிச் சொல்லுவினம், மற்றும்படி ரெண்டும் ஒரே தொழில்தான்.

கனடாவில, ரொறன்ரோப் பக்கம் மில்லிக்கனில ஒரு பிளாசா. சீலைக் கடைக்கும் ரேக்கவுட் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில ஒரு சின்ன அறை. அதுக்குள்ள ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு பிரின்ரர், நான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையள் யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்க உதவி செய்யிறதுதான் என்ர வேலை. அம்மா அப்பா வைச்ச பேர் ஒண்டும் இருக்கு, ஆனா ஸ்காபரோவில அதைத் தெரிஞ்ச ஆக்கள் குறைவு. எல்லாருக்கும் நான் அப்ளிகேசன் அன்ரி, கடைசித் திகதியை ஞாபகப்படுத்தி வட்ஸப்பில பேசி அனுப்புற ஆள். என்னை விட வயசு கூடின ஆக்களுக்கும் அன்ரிதான்.

ஒன்ராறியோ யூனிவர்சிட்டியளால பெரிய வில்லங்கம் இல்லை. எல்லாத்துக்கும் ஒரே இடத்தில பதியலாம், தை மாசம் வரைக்கும் நேரம் இருக்கும். வில்லங்கம் எல்லைக்கு அங்கால, அமெரிக்காவில. ஆக்களைப் பொறுக்கி எடுக்கிற கொலிஜ் கனக்க, நவம்பர் முதலாம் திகதி வரைக்கும் ஒரு வாசலைத் திறந்து வைச்சிருக்கும். அந்த வாசலால ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகலாம். பிள்ளை, பெற்றார், பள்ளிக்கூடம் எண்டு மூண்டு கையெழுத்து வைக்கவேணும். எடுத்தால் கட்டாயம் வருவம், வேற எங்கயும் எட்டியும் பாக்கமாட்டம் எண்டு சத்தியம் பண்ணுற மாதிரி. மார்கழி நடுவில பதில் வந்திடும். இப்பிடி முந்திப் போட்டால் இடம் கிடைக்கிறது லேசு எண்டு ஊரெல்லாம் ஒரு கதை. உண்மையோ பொய்யோ, அந்தக் கதையிலதான் என்ர அடுப்பு எரியுது.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை வீட்டில வைச்சுக்கொண்டு ஒரு ஒக்ரோபர் மாசத்தைக் கடந்த ஆக்களுக்கு இதெல்லாம் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்களுக்கு வந்த நெஞ்சிடி எனக்கும் வந்தது. போன முறை என்ர ஒரே மகள் ஆரபியும் பன்னிரண்டு. இஞ்ச நிண்டு படிக்கப் போறாளோ, அந்த நவம்பர் வாசலால எங்கயாவது தூரப் போகப் போறாளோ, எனக்குத் தெரியாது. கேட்டால் "யோசிக்கிறன்" எண்டு அறைக்கதவைச் சாத்துவாள். எனக்கு அவள் வீட்டில நிக்கவேணும். பஸ்ஸில போய் பஸ்ஸில வாற தூரத்தில படிக்கவேணும். அதை வாய் திறந்து சொல்ல ஏலாது, ஏனெண்டால் மற்றத் தாய்மாரைப் பிடிச்சு இருத்தி, "பிள்ளையைப் போக விடுங்கோ" எண்டு புத்தி சொல்லுறதே நான்தான். இந்த லட்சணத்தில நான் கடந்த ஒரு சீசனின்ர கதைதான் இது.

ரோல்ஸ் வாங்க வந்த ஆக்கள்

எங்கட ஆக்கள் வீடு வாங்கினாச் சொல்லுவினம், கார் வாங்கினா ஓடிக் காட்டுவினம். பிள்ளை எங்க விண்ணப்பிக்குது எண்டு மட்டும் மூச்சு விடமாட்டினம். நாவூறு பட்டுப்போடுமாம். யூனியன்வில்லில இருந்து வாற வதனி அக்கா முன்வாசலால வந்ததே இல்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின்ர குசினிக்குள்ளால வந்து, பின்கதவால என்ர அறைக்குள்ள பூருவா. வெயிலே இல்லாத நாளிலயும் கறுப்புக் கண்ணாடி. "தங்கச்சி, எங்கட ரதிக்கு மட்டும் தெரியக்கூடாது" எண்டு ஒவ்வொரு முறையும் என்ர கையைப் பிடிச்சுக் கேப்பா. ரதி அவவின்ர கூடப்பிறந்த தங்கச்சி, வெக்ஸ்போர்ட்டில இருக்கிறா. ரெண்டு பேரின்ர பிள்ளையளும் ஒரே வயசு. ஒரே குடும்பத்தில இருந்து ரெண்டு பேரை எடுக்கமாட்டினம் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். எனக்கு என்ன பாடு தெரியுமோ? ரதியின்ர பைலும் என்ர லாச்சிக்குள்ளதான் இருக்கு. அதே கொலிஜ், அதே வாசல். அவவும் கையைப் பிடிச்சுக் கேட்டவ, அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது எண்டு.

ஒரு சனிக்கிழமை ரதி சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வந்திட்டா. அவவுக்கும் குசினி வழிதான் பாதுகாப்பாத் தெரிஞ்சிருக்கு. வதனி அக்கா போக, ரதி வர, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில ரெண்டு பேரும் நேருக்கு நேர். நான் கதவு நீக்கலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிக்கிறன். "நான் ரோல்ஸ் வாங்க வந்தனான்" எண்டா வதனி அக்கா. "நானும் ரோல்ஸுக்குத்தான்" எண்டா ரதி. பொய்யை நிரூபிக்கவேண்டாமோ? ஆளுக்கு இருபது மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு, தாச்சிக்குப் பக்கத்திலயே கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிப்போட்டுப் போச்சினம். வெளியில பாத்தால், கார் நிப்பாட்டுற இடத்தில அவையின்ர ரெண்டு பிள்ளையளும் ஒரே காரில சாய்ஞ்சுகொண்டு, ஒருத்தர் எழுதின கட்டுரையை மற்றவர் திருத்திக்கொண்டு நிக்கினம். அதுகளுக்கு எல்லாம் முதல் நாளே தெரியும்.

நான் கடைக்காரத் தம்பியிட்ட மன்னிப்புக் கேக்கப் போனன். குசினியைப் பாதையாக்கினதுக்கு அவன் கோவிப்பான் எண்டு நினைச்சால், அவன் வெறும் தட்டைத் துடைச்சுக்கொண்டு சொல்லுறான்: "அன்ரி, உங்கட ஆக்களை முன்வாசலால விட்டிடாதேங்கோ, குசினியால வந்தால்தான் எனக்கு வியாபாரம்."

யாழ்ப்பாணத்து நல்ல நேரம்

சிவம் அண்ணை பகல் முழுக்க பில்டிங் இன்ஸ்பெக்ரர், எதையும் அளந்து பாத்துத்தான் நம்புவார். மகன் பிரணவன்ர விண்ணப்பத்தை அனுப்புறதுக்கு மட்டும் யாழ்ப்பாணத்துச் சாத்திரியாரிட்ட நேரம் கேட்டு எடுத்திருந்தார். ஞாயிறு பின்னேரம் ஆறு பன்னிரண்டுக்குப் பிறகு, ராகு காலம் கழிஞ்ச கையோட. அதை மூண்டு நிரலில எழுதிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில ஆறு பன்னிரண்டு எண்டால் எங்களுக்குக் காலமை எட்டு நாற்பத்திரண்டு. கொலிஜ் கலிபோர்ணியாப் பக்கம், அங்க ஐந்து நாற்பத்திரண்டு. "இப்ப நான் கேக்கிறது என்னெண்டால், ராகு காலம் விண்ணப்பம் அனுப்புற ஊருக்கோ, போய்ச் சேருற ஊருக்கோ?" எண்டார். இதுக்கு எந்த வெப்சைற்றில பதில் இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்.

ஞாயிறு காலமை எட்டரைக்குக் கடையைத் திறந்தன். பிரணவன் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான். சாத்திரியார் வட்ஸப்பில வீடியோவோட நிக்கிறார். கொம்பியூட்டர் எந்தத் திசை பாத்து இருக்கெண்டு கேட்டார். தெற்கு. ஐயோ, தெற்கு ஆகாதாம். நானும் சிவம் அண்ணையும் மேசையைத் தூக்கி, பிரின்ரர் வயர் கழண்டு, ஒருமாதிரிக் கிழக்குக்குத் திருப்பினம். எட்டு நாற்பத்துமூண்டு. "அனுப்புற பட்டனை அமத்து தம்பி, அமத்து!" எண்டு சிவம் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறார். பொடியன் அமத்தேல்லை. "அப்பா, ஐ ஆம் ஸொறி. நான் வியாழக்கிழமையே அனுப்பிப்போட்டன். லஞ்ச் ரைம்ல, கஃபெற்றீரியாவில இருந்து" எண்டான்.

சிவம் அண்ணைக்கு நெஞ்சு கிஞ்சு நோகுதோ எண்டு நான் தண்ணிப் போத்தலைத் தேட, அவர் விரலை மடக்கி எண்ணிப் பாத்திட்டு, மெல்ல மெல்ல முகம் மலர்ந்து சொன்னார்: "வியாழனோ? குருவின்ர நாளெல்லே! பாத்தீங்களோ அன்ரி, பிள்ளைக்கு இதெல்லாம் ரத்தத்திலயே இருக்கு."

தாய்க்கு ஒண்டு, தேப்பனுக்கு ஒண்டு

மார்க்கம் எண்ட ஊரில இருந்து ஒரு தகப்பன், சொப்ற்வெயர்க்காரர், எல்லாத்தையும் தானே வாசிச்சு நிரப்பிக்கொண்டு வந்தவர். "ஒருக்காச் சரி பாத்தாக் காணும் அன்ரி" எண்டார். பாத்தன். மகளுக்கு ரெண்டு கொலிஜுக்கு விண்ணப்பம், ரெண்டுமே கட்டாயம் வருவம் எண்டு சத்தியம் பண்ணுற வகை. ஒண்டில அவரின்ர கையெழுத்து, மற்றதில மனுசியின்ர கையெழுத்து. ஏனெண்டு கேட்டால், படிவத்தில 'பெற்றார் ஒருவர்' எண்டுதானே போட்டிருக்கு, அப்ப ஒரு பெற்றாருக்கு ஒண்டு எண்டுதானே கணக்கு எண்டு அவர் எனக்கு விளங்கப்படுத்துறார்.

பள்ளிக்கூடத்துக் கையெழுத்துக்குப் போயிருந்தால் மானம் போயிருக்கும். பிள்ளைக்கு ஒரு வாசல்தான் அண்ணை, ரெண்டு பேரும் இருந்து கதைச்சு ஒரு இடமா முடிவெடுங்கோ எண்டு ரெண்டு படிவத்தையும் திருப்பிக் குடுத்தன். ஆள் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒருக்காப் பாத்தார். பேந்து, "நானும் மனுசியும் இருபத்திரண்டு வருசமாச் சேந்து எடுத்த முடிவெண்டு ஒண்டும் இல்லை அன்ரி, நீங்கள் நவம்பருக்குள்ள கேக்கிறியள்" எண்டார்.

கறி கெடாத தூரம்

கொலிஜை எப்பிடித் தெரிவு செய்யிறது எண்டு நான் ஒரு தாள் அடிச்சு வைச்சிருக்கிறன். பாடம், வகுப்பின்ர அளவு, விடுதி, குளிர் எண்டு பதினாலு கேள்வி. புனிதா அக்கா அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில தன்ர ஒரே கேள்வியை எழுதினா: எத்தினை மணித்தியாலம்? அவ மட்டக்களப்புப் பக்கம், கணவாய்க் கறிக்குப் பேர்போன கை. கறியை உறைய வைச்சு ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சால் எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு கராஜுக்குள்ள வைச்சுப் பரிசோதனையே செய்து பாத்திருக்கிறா. கோழி எட்டு மணித்தியாலம். கணவாய் ஆறரை. அந்த ஆறரை மணித்தியாலத்தைக் காரோட்டத்தில கணக்குப் பண்ணி, வரைபடத்தில ரொறன்ரோவைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, அதுக்கு வெளியில இருந்த இடத்தையெல்லாம் வெட்டிப்போட்டா. மகளின்ர முதல் விருப்பமும் வெட்டுப்பட்டுப் போச்சு. அது வட்டத்துக்கு அங்கால, ஒரு மணித்தியாலம் கூட.

"அக்கா, கொண்டு போற கறியை எல்லையில பறிச்சாலும் பறிச்சுப் போடுவினம்" எண்டு நான் சொல்ல, அவவின்ர முகம் வாடிப்போச்சு. எனக்கே பாவமாப் போச்சு. மகள் நல்ல பிள்ளை, தாயின்ர தோளில கையைப் போட்டு, "அம்மா, இட்ஸ் ஓகே. நான் இந்த வின்ரருக்குள்ள எல்லாக் கறியும் வைக்கப் பழகிப்போடுறன். நீங்கள் ஒண்டும் கொண்டு வரத் தேவையில்லை" எண்டாள். வேற தாய் எண்டால் சந்தோசத்தில கொஞ்சியிருப்பா. புனிதா அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டா. "என்ன புள்ள கதைக்கிறாய், நீயே சமைச்சுச் சாப்பிட்டால் நான் என்னத்தைச் சொல்லிக்கொண்டு உன்னைப் பாக்க வாறது?"

சனிக்கிழமை பதினொண்டரை

அண்டு பின்னேரம் வீட்ட போய் ஆரபியின்ர அறை வாசலில நிண்டன். "என்ன பிளான்?" "யோசிக்கிறன் அம்மா." நவம்பர் முதலாம் திகதிக்கு இன்னும் எட்டு நாள். மனிசருக்கு இதை விடப் பெரிய அவமானம் வேணுமோ? ஸ்காபரோவில எந்த வீட்டுப் பிள்ளை எங்க போடுது எண்டு எனக்குத் தெரியும், என்ர வீட்டுக்குள்ள இருக்கிற பிள்ளை எங்க போடுது எண்டு தெரியாது. இவரை, என்ர மனுசனைக் கேட்டால், அவர் லொறி ஓடுற ஆள், "எனக்கென்ன தெரியும், நான் கிழமையில நாலு நாள் ரோட்டில" எண்டு மழுப்பினார். அந்த மழுப்பலிலயே நான் பிடிச்சிருக்கவேணும்.

சனிக்கிழமை பதினொண்டரைக்கு இன்ரநெற்றால ஆரோ நேரம் பதிஞ்சிருந்தினம். பிள்ளை ஒண்டு, பெற்றார் ஒருத்தர். பேருக்குப் பதிலா ரெண்டு எழுத்து. நாவூறுக்குப் பயந்த ஆக்களாக்கும் எண்டு நினைச்சன். சரியாப் பதினொண்டரைக்குக் கதவு திறந்தால், முன்வாசலால ஆரபி வாறாள். பின்னால இவர், முகம் வழிச்சு, கலியாண வீட்டுக்குப் போடுற சேர்ட்டும் போட்டு, ரெண்டு கையையும் மடியில வைச்சுக்கொண்டு கஸ்ரமர் கதிரையில இருந்து, "வணக்கம்" எண்டார். எனக்குச் சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியேல்லை. ஆரபி ஒரு பைலை மேசையில வைச்சாள். மெய்ன் மாநிலத்தில, காரில பத்து மணித்தியாலத் தூரத்தில ஒரு சின்னக் கொலிஜ். கட்டுரை எழுதி முடிஞ்சுது. அவளின்ர கையெழுத்து இருக்கு, பள்ளிக்கூடத்தின்ர கையெழுத்து இருக்கு. பெற்றாரின்ர இடம் மட்டும் வெறுமை.

"அப்பா வைக்கலாம்தானே" எண்டன். "அப்பா எதுக்கும் ஓம் எண்டுவார் அம்மா, அது கணக்கில்லை" எண்டாள். இவர் தலையை ஆட்டி, "ஓம்" எண்டார். சரி, நானும் விடுறதாயில்லை. பதினாலு கேள்வியையும் கேட்டன். ஒண்டுக்கும் அவள் தடுமாறேல்லை. அதுக்குப் பிறகு, சொல்ல வெக்கமாக் கிடக்கு, நான் கள்ள வேலை பாத்தன். "இப்ப ஏன் அவசரம், வசந்தம் வரைக்கும் பொறுத்து நாலு இடத்துப் பதிலையும் பாத்து முடிவெடுக்கலாமே" எண்டு குரலை மாத்தி, நிபுணர் மாதிரிச் சொன்னன். அவள் என்னை நிமிர்ந்து பாத்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால என்னால நடிக்க ஏலாமல் போச்சு. "எனக்கு நீ வீட்டில நிக்கவேணும் ஆரபி. நீ இல்லாமல் அந்த வீட்டில என்னண்டு இருக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. வேற காரணம் ஒண்டும் இல்லை" எண்டு சொல்லிப்போட்டன். இவர் சேர்ட்டின்ர கையால கண்ணைத் துடைச்சார்.

"ஏன் அங்க? இஞ்ச இல்லாத என்ன அங்க கிடக்கு?" எண்டு கேட்டன். அதுக்கு அவள் கோவிக்காமல், என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னாள்: "அம்மா, இஞ்ச எந்தக் கம்பஸ்ஸுக்குப் போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும், நான் அப்ளிகேசன் அன்ரியின்ர மகள். அங்க உங்களை ஒருத்தருக்கும் தெரியாது."

பத்து மணித்தியாலத்துக்கு அங்கால

கையெழுத்து வைச்சன். மார்கழி நடுவில ஓம் எண்டு பதில் வந்தது. எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சு வாழ்த்துச் சொல்லிச்சினம். நான் சிரிச்சுக்கொண்டு பலகாரம் குடுத்துப்போட்டு, குளியலறைக்குள்ள தண்ணியைத் திறந்து விட்டு அழுதன். ஓகஸ்ற் கடைசியில பெட்டி படுக்கையெல்லாம் ஏத்திக்கொண்டு பத்து மணித்தியாலம் ஓடினம். வழி முழுக்க ஆரபி பாட்டுப் போட, நான் ஜன்னலுக்கு வெளியால பாத்துக்கொண்டு வந்தன்.

சின்ன ஊர். ஒரு வீதி, ஒரு தேவாலயம், ஒரு பெற்றோல் செற். தண்ணிப் போத்தல் வாங்க உள்ளுக்குப் போனால், கல்லாவில நிக்கிறவர் எங்கட நிறம். ஆரபி மெல்ல என்ர முழங்கையைக் கிள்ளினாள். எனக்கு விளங்கிச்சு. சத்தியமா நான் வாயைத் திறக்கேல்லை. இவர்தான், பத்து மணித்தியாலம் ஓடின களைப்பில, "எத்தினை போத்தல் எடுக்கிறது?" எண்டு தமிழில கேட்டுத் துலைச்சார். கல்லாவில நிண்டவரின்ர முகம் வெளிச்சம் போட்ட மாதிரி மாறிச்சு. அண்ணை எந்த ஊர், எப்ப வந்தனீங்கள், மனுசியின்ர தங்கச்சி மில்லிக்கனில எண்டு ஒரே கதை. மிச்சக் காசை என்ர கையில தரேக்க நான் "நன்றி தம்பி" எண்டன். ரெண்டே ரெண்டு சொல்லு. ஆள் அப்பிடியே நிண்டார். "இந்தக் குரல்... மச்சாள் எங்களுக்கு அனுப்புற வட்ஸப் குரல் பதிவில, நவம்பர் முதலாம் திகதி நவம்பர் முதலாம் திகதி எண்டு கத்துற அப்ளிகேசன் அன்ரி எல்லே நீங்கள்? எங்கட மூத்தவள் பதினோராம் வகுப்பு அன்ரி!"

ஆரபியின்ர முகத்தைப் பாக்க எனக்குத் துணிவு வரேல்லை. பிள்ளை இவ்வளவு தூரம் வந்ததே என்ர பேர் இல்லாத ஒரு ஊருக்கு, அந்த ஊருக்குள்ள கால் வைச்சுக் கால் மணித்தியாலம் ஆகேல்லை. ஒருநாளும் செய்யாததை அண்டைக்குச் செய்தன். "இல்லைத் தம்பி, அது வேற ஆரோ, நான் வீட்டோட இருக்கிற ஆள்" எண்டு சொல்லிப்போட்டுக் கதவுப் பக்கம் நடந்தன். நாலடி வைச்சிருக்கமாட்டன், பின்னால என்ர மகளின்ர குரல் கேக்குது, அதுவும் நல்ல வடிவான தமிழில: "அங்கிள், அவ பொய் சொல்லுறா, அப்ளிகேசன் அன்ரி இவதான், என்ர அம்மா, கேக்கிறதைக் கெதியாக் கேளுங்கோ, எங்களுக்குப் பெட்டி இறக்கவேணும்."

இத்தினை வருசத் தொழிலில நான் கண்டுபிடிச்சது இவ்வளவுதான்: எங்க போறது எண்டதைப் பிள்ளையள் எப்பவோ முடிவெடுத்துப்போடுதுகள், நவம்பர் முதலாம் திகதி வரைக்கும் தவணை குடுத்திருக்கிறது தாய் தேப்பன்மாருக்கு.